நிழலுக்கு ஒரு வாழ்த்தொலி

(திருவானைக்காவல் படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே! “பொழுதுபோக்குக் கதை, கொள்கை வீரனுக்கு ஏன் இது?” என்று ‘என் இனிய இயந்திரா’வை ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. ஒதுக்காதீர்! பக்கத்துத் திருவரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அது. கையிலெடுத்தேன், விடியும்வரை கீழே வைக்க மனம் வரவில்லை.

வருங்கால இந்தியா. ஜீவா என்பவன் ஆள்கிறான். பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். பெயரோ ஈரெழுத்தில் அடங்கவேண்டும். எட்டெழுத்து ஊர்க்காரர்களே, நம் பாடு என்னாகும்? காணாமற்போன கணவனைத் தேடுகிறாள் நிலா. துணைக்கு, சிந்திக்கும் இயந்திர நாய் ஜீனோ! மனிதர் வாய்பொத்தி நிற்க, நாயல்லவா கேள்வி கேட்கிறது!

முடிச்சை அவிழ்க்கிறேன், படிக்காதவர் செவியைப் பொத்திக்கொள்க! அந்த ஜீவா மனிதனே அல்லன். ஒளியால் ஆன வெற்றுருவம். நாடே வாழ்த்தி வணங்கியது ஒரு நிழலை! இயக்கியவர்களோ திரைக்குப் பின்னே.

பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராயிருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் பங்கேற்றவர் சுஜாதா. வாக்குக்குக் கருவி சமைத்த கைதான், கேள்வி கேளாத நாட்டையும் தீட்டியது.

தலைவர் படத்துக்குப் பாலூற்றும் தம்பிமாரே, இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போக முடியுமா? அடுத்த ஞாயிறு இங்கேயே முதல் அத்தியாயம் படிக்கப்படும். மறுத்துரைப்போரும் வருக!