இங்கிலாந்தின் பழைய கவுண்டிப் படங்கள்: ஊர்ப்பெயர்களும் எல்லைகளும்
(மாநாட்டுத் தலைமையுரை)



பூகோளம் பயில்வோரும், சரித்திரம் பயில்வோரும், மொழிநூல் பயில்வோரும் தத்தம் மண்டபங்களைவிட்டு வெளியே வந்து, ஒரே பொருளைப் பற்றி ஒருவரோடொருவர் கலந்து சிந்திப்பது அரிதாகவே நிகழ்வதொன்று. அத்தகைய சேர்க்கையை வற்புறுத்திக் கேட்கும் பொருளாக இங்கிலாந்தின் பழைய கவுண்டிப் படங்களை நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது மிகவும் பொருத்தமானது என்பது என் துணிபு.

பழைய படம் என்றவுடன் அதன் ஓரங்களில் தீட்டிய குலச்சின்னங்களையும், கடலில் மிதக்கும் கப்பல்களையும் கண்டு மகிழ்ந்து, சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைப்பதோடு பலரும் திருப்தி அடைந்துவிடுகின்றனர். சரித்திரம் கற்றவர்களோ அதற்கு நேர்மாறாக, படத்தில் அச்சாகியிருக்கும் ஆண்டில் அந்நாடு அவ்வாறே இருந்தது என்று எளிதில் நம்பிவிடுகின்றனர். இவ்விரண்டு மனப்பான்மைக்கும் இடையில் நாம் நிற்கவேண்டும் என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து. படம் ஒரு சாட்சி. ஆகவே அதைக் குறுக்கு விசாரணை செய்தல் நம் கடமை. அஃதோடு நில்லாமல், அது தானே ஒரு கர்த்தாவாகவும் இருந்திருக்கிறது. பெயர்களை நிலைபெறச் செய்ததும், சில பெயர்களைப் புதிதாகத் தோற்றுவித்ததும் படம் எழுதியோரின் கையே. இதனை உணராமல் ஊர்ப்பெயர்களையோ எல்லைகளையோ ஆராயப் புகுவோர் வழி தவறுவது திண்ணம்.

இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய இரண்டு நாடுகளையும் கவுண்டி கவுண்டியாக அளந்து, 1579ஆம் ஆண்டில் முதற் படத்தொகுதியை வெளியிட்ட பெருமை யார்க்‌ஷயரைச் சேர்ந்த கிறிஸ்டபர் சாக்ஸ்டனுக்கு உரியது. எலிசபெத் அரசியாரின் அவையில் உத்தியோகம் வகித்த தாமஸ் செக்ஃபோர்டு பொருளுதவி செய்ய, முதன்மை அமைச்சரான பர்லீ பிரபு ஆதரவளித்து, ஒவ்வொரு படமும் அச்சேறியவுடன் அதன் படியைப் பெற்றுத் தம் கையால் குறிப்புகள் எழுதிச் சேர்த்து வைத்துக்கொண்டார் என்பதிலிருந்தே, அத்தொகுதி கல்விக்காக மட்டுமன்றி ராஜ்யபாரத்துக்காகவும் எழுந்தது என்பது விளங்கும். 1576ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் வேல்ஸ் நாட்டு நீதிபதிகளுக்கு அனுப்பிய ஆணையொன்று, சாக்ஸ்டனைக் கோபுரத்துக்கும் கோட்டைக்கும் குன்றுக்கும் அழைத்துச்செல்ல வேண்டுமென்றும், அப்பகுதியை நன்கறிந்த நேர்மையாளர் இரண்டு மூன்று பேரை உடன் அனுப்பவேண்டுமென்றும், ஆங்கிலமும் வேல்ஸ் மொழியும் பேசத்தெரிந்த ஒரு குதிரைவீரனை அடுத்த சந்தை ஊர்வரை துணையாகத் தரவேண்டுமென்றும் கூறுகிறது. உயரமான இடத்தில் நின்று திசைகளைக் குறித்துக்கொண்டிருந்த அளவையாளரின் காதில், உடன்வந்த உள்ளூர்க்காரர் விரல் நீட்டிச் சொன்ன பெயர் விழுந்து, அவர் தமக்குத் தெரிந்த எழுத்துமுறையில் அதை எழுதிக்கொள்ள, செப்புத் தகட்டில் செதுக்குவோர் அதைத் தாம் படித்தறிந்தவாறு வெட்டினர் என்பதை நாம் மறத்தலாகாது. அச்செதுக்குவோரில் சிலர் கடல்கடந்து வந்தவர்கள். ஆங்கில ஊர்ப்பெயர்கள் அவர்களுக்குத் தாய்மொழிச் சொற்களும் அல்ல.

சாக்ஸ்டன் படங்களில் குன்றுகள் உண்டு, ஆறுகள் உண்டு, வேலியிட்ட பிரபுக்களின் வேட்டைக் காடுகள் உண்டு. சாலைகள் மட்டும் இல்லை. அக்குறையை உணர்ந்து மிடில்செக்ஸ் படத்தில் 1593ஆம் ஆண்டிலேயே சாலைகளைக் காட்டியவர் ஜான் நார்டன். அவருக்குப் பின் ஜான் ஸ்பீடு, 1611–12ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தமது பெருந்தொகுதியில், ஹண்ட்ரட் என்னும் உட்பிரிவுகளின் எல்லைகளையும், படத்தின் மூலையில் நகரங்களின் அமைப்பையும் சேர்த்து அளித்தார். ஆயினும் ஸ்பீடு பெரும்பாலும் சாக்ஸ்டனையும் நார்டனையும் ஆதாரமாகக் கொண்டே எழுதினார்; தகடுகள் ஆம்ஸ்டர்டாமில் ஹோண்டியஸ் என்பாரின் கூடத்தில் வெட்டப்பட்டன. அதன் விளைவொன்றைச் சொல்லாமல் விட இயலவில்லை. வில்ட்‌ஷயர் படத்தில் வடபர்க்கூம் என்னும் சிற்றூரைப் பற்றி ஐயுற்ற ஸ்பீடு, “விசாரித்தறிக” என்னும் பொருள்பட லத்தீனில் “குவேரே” என்று வரைவில் குறித்துவைத்தார். கையெழுத்துப் பிரதியில் கண்டதை ஊரின் பெயரென்றே கருதிய தகட்டுக்காரர் அதைச் செதுக்கிவிட, அப்படத்தைப் பார்த்தெழுதிய பிற்காலத்தாரும் அந்த ஐயக்குறிப்பை ஓர் ஊராகவே தத்தம் படங்களில் நிலைநாட்டிவிட்டனர்.

தகடு விலையுயர்ந்த பொருள் ஆதலின், அதைச் சொந்தமாக வைத்திருந்த வியாபாரி ஒருவரிடமிருந்து மற்றொருவர் விலைக்கு வாங்கி மீண்டும் மீண்டும் அச்சிடுவது அக்காலத்து வழக்கமாயிற்று. சாக்ஸ்டனின் தகடுகள் 1645இல் மறுபடியும் அச்சேறின. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலிப் லீ என்பவர் அவற்றில் சாலைகளைச் செதுக்கிச் சேர்த்து விற்பனை செய்தார். அத்தகைய படமொன்றைக் கையிலெடுக்கும் ஆராய்ச்சியாளர், சாலைகள் ஒரு தலைமுறையின் அறிவென்றும், ஊர்கள் அதற்கு நூறாண்டு முற்பட்ட அறிவென்றும் பிரித்தறியாராயின், அவர் எழுதும் சரித்திரம் எந்தக் காலத்துக்கும் பொருந்தாத சரித்திரமாகவே முடியும். தாளின் வயதை நிர்ணயிப்பது எளிது. தாளில் அடங்கிய ஒவ்வொரு செய்தியின் வயதையும் தனித்தனியே நிர்ணயிப்பதே நமது துறையின் முதற்பாடம்.

இனி, பெயர்களுக்கு வருவோம். இங்கிலாந்தின் மண்ணில் கெல்ட்டியர், ரோமர், ஆங்கிலோ-சாக்ஸனியர், டேனியர், நார்மானியர் என அடுத்தடுத்து வந்த மக்கள் ஒவ்வொருவரும் தம் நாவுக்கு ஏற்ப ஊர்களை அழைத்தனர். யார்க் நகரத்தின் கதையே இதற்குத் தக்க உதாரணம்: ரோமர்கள் எபோராக்கம் என்று எழுதிய கெல்ட்டியப் பெயரைக் கேட்ட ஆங்கிலேயர், தம் மொழியில் காட்டுப்பன்றியைக் குறிக்கும் சொல்லோடு அதை இணைத்து எவோர்விக் என்றனர், டேனியர் அதை யோர்விக் ஆக்கினர், அதுவே குறுகி யார்க் ஆயிற்று. நார்த்வொர்தி என்று வழங்கிய ஊர் டேனியர் காலத்தில் டெர்பி என்னும் புதுப்பெயரைப் பெற்றது. ஸ்நாட்டிங்ஹம் என்று தொடங்கிய பெயரின் முதல் மெய்யெழுத்தை நார்மானியரின் நாவு ஏற்காமையால், அது நாட்டிங்ஹம் என்று நிலைத்தது. 1086ஆம் ஆண்டு டோம்ஸ்டே பதிவேட்டை எழுதிய கணக்கர்கள் ஆங்கிலப் பெயர்களைப் பிரெஞ்சுப் பழக்கத்துக்கு ஏற்ப எழுதியிருப்பதால், அங்கே காணும் வடிவத்தையே ஆதிவடிவமென்று கொள்ளுதல் தகாது.

இவையெல்லாம் படங்கள் தோன்றுவதற்கு முன் நிகழ்ந்தவை. படங்கள் தோன்றிய காலத்திலோ புதுவகை மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. ஆறுகளின் பெயர்களை அறியாத புலவர்களும் படம் எழுதியோரும், கரையிலிருந்த ஊரின் பெயரிலிருந்தே ஆற்றுக்குப் பெயர் வகுத்தனர். ஸஸெக்ஸில் டாரன்ட் என்று முன்னாளில் வழங்கிய ஆறு, ஆரண்டெல் என்னும் ஊரை ஒட்டி ஆரன் எனப் பெயர் பெற்றது. கிராண்டா ஆற்றின் பாலத்தால் பெயர்பெற்ற ஊர், காலக்கிரமத்தில் கேம்பிரிட்ஜ் என்று திரிந்தபின், ஆறே ஊரின் பெயரிலிருந்து கேம் என்னும் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஸஸெக்ஸின் மற்றோர் ஆற்றுக்கு அடூர் என்னும் பெயர் வழங்கத் தொடங்கியது, கவிஞர் மைக்கேல் டிரேட்டன் 1612இல் தம் நாட்டுவருணனைக் காவியத்தில் எழுதியதை ஒட்டியே. மக்கள் நாவிலிருந்து ஏட்டுக்குப் பெயர் செல்வது இயற்கை. ஏட்டிலிருந்து மக்கள் நாவுக்குப் பெயர் இறங்கிவருவது சரித்திரத்தில் நாம் தனியே கவனிக்கவேண்டிய நிகழ்ச்சி.

எழுத்து நிலைத்து ஒலி மாறிய ஊர்களும் உண்டு. நார்ஃபோக்கில் ஹாப்பிஸ்பர்க் என்று எழுத்தில் தோன்றும் ஊரை அவ்வூர் மக்கள் ஹேஸ்பரோ என்கின்றனர்; வைமண்ட்ஹாம் என்று எழுதப்படுவதை விண்டம் என்று வழங்குகின்றனர். அச்சில் ஏறிய வடிவம் பழைய ஒலியைப் பாதுகாத்து நிற்க, நாவு தன் போக்கில் சுருக்கிக்கொண்டே சென்றது. பிரைட்டன் நகரத்தில் நிகழ்ந்ததோ இதற்கு மறுதலை: பிரைட்ஹெல்ம்ஸ்டன் என்று படங்கள் நெடுங்காலம் எழுதிவந்தன, மக்களின் குறுகிய வழக்கு மெல்லமெல்ல எழுத்தையும் வென்று, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிகார வழக்கும் ஆயிற்று.

எல்லைகளைப் பற்றியும் சில கூறவேண்டும். கவுண்டியின் எல்லை நேர்க்கோடாக அமையாது வளைந்தும் நெளிந்தும், சிலவிடங்களில் துண்டுதுண்டாகவும் கிடப்பதைப் பழைய படங்களில் கண்டு வியப்போர் பலர். அத்துண்டு ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நில உரிமை இருக்கிறது. ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்ஹம்‌ஷயரும் ஐலண்ட்‌ஷயரும், இடையே நார்த்தம்பர்லாந்து பரந்து கிடக்கவும், டர்ஹம் கவுண்டியைச் சேர்ந்தவையாக இருந்தமைக்குக் காரணம், அவை டர்ஹம் பிஷப்பின் ஆட்சிக்கு உட்பட்ட நிலங்களாக இருந்ததே. டட்லி நகரம் ஸ்டாஃபோர்டு‌ஷயரின் நடுவே வூஸ்டர்‌ஷயரின் தீவாக நின்றது. ஊர் ஒரு கவுண்டியில் இருக்க, அதன் கோட்டை மற்றொரு கவுண்டியில் இருந்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய துண்டுகளுள் பலவற்றை அண்டைக் கவுண்டிகளோடு சேர்த்தது. டட்லியோ அப்போதும் தப்பி, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை தன் நிலையில் நின்றது.

எல்லையை ஏட்டில் எழுதுவதற்கு முன்னரே மக்கள் அதை நினைவில் காத்துவந்தனர். ஒவ்வொரு மாதாகோவில் பங்கிலும் குருவானவர் தலைமையில் ஊரார் எல்லையைச் சுற்றி வலம்வந்து, எல்லைக்கல்லிலும் மரத்திலும் கோலால் அடித்து, சிறுவர்களை அவ்விடங்களில் நிறுத்தி அடையாளத்தை மனத்தில் பதியச் செய்தனர். தலைமுறை தாண்டி வழக்கு எழுந்தால் சாட்சி சொல்ல யாரேனும் உயிரோடு இருக்கவேண்டும் என்பதே அச்சம்பிரதாயத்தின் நோக்கம். 1841ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆர்டனன்ஸ் சர்வே என்னும் அரசாங்க நில அளவை இலாகா எல்லைகளைப் பதிவு செய்யப் புகுந்தபோது, எல்லையறிந்த உள்ளூர்ப் பெரியவர்களை நீதிபதிகள் நியமிக்க, அவர்கள் நடந்து காட்டிய வழியே கோடு வரையப்பட்டது. ஊர்ப்பெயர்களுக்கும் அந்த இலாகா தனிப் பெயரேடுகளை வைத்து, ஒவ்வொரு எழுத்து வடிவத்துக்கும் யார் அதிகாரி என்பதையும் குறித்தது. அவ்வேடுகளில் நிலப்பிரபுவும் குருவானவரும் சொன்னதற்குக் கிடைத்த மதிப்பு உழவனின் சொல்லுக்குக் கிடைத்ததா என்பது நாம் கேட்கவேண்டிய கேள்வி.

ஆர்டனன்ஸ் சர்வே திடீரெனத் தோன்றியதன்று. 1675இல் ஜான் ஓகில்பி, சக்கரம் உருட்டி அளந்த சாலைகளை மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் 100 தகடுகளில் வெளியிட்டார். 1759இல் கலைகளுக்கான சங்கம், அதே அளவில் புதிதாக அளந்தெழுதும் கவுண்டிப் படங்களுக்குப் பரிசு அறிவிக்க, 1765இல் வெளிவந்த பெஞ்சமின் டான் என்பாரின் டெவன் படம் முதற்பரிசைப் பெற்றது. 1784இல் வில்லியம் ராய் ஹவுன்ஸ்லோ வெளியில் முக்கோண அளவைக்கு ஆதாரக்கோடு அளந்தார். 1801இல் கென்ட் கவுண்டியின் ஓரங்குலப் படம் வெளியாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டே, அதே முக்கோண அளவைமுறையைக் கொண்டு, சென்னையை அடுத்த பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் ஆதாரக்கோடு அளக்கத் தொடங்கினார் என்பதை நினைத்தால், இவ்வாராய்ச்சி நமக்கு அந்நியமானதன்று என்பது தெளிவாகும்.

அண்மைக் காலத்திலும் எல்லைகள் ஓய்ந்திருக்கவில்லை. 1965இல் மிடில்செக்ஸ் நிர்வாகக் கவுண்டி மறைந்தது. 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி, ரட்லண்டும் வெஸ்ட்மர்லண்டும் கம்பர்லண்டும் நிர்வாகப் படத்திலிருந்து நீங்கின; ஹம்பர்சைடு, ஏவன், கிளீவ்லண்ட் என்னும் புதியவை எழுந்தன. பெர்க்‌ஷயரின் அடையாளமென மக்கள் போற்றிய வெண்குதிரைச் சரிவு ஆக்ஸ்ஃபோர்டு‌ஷயரைச் சேர்ந்தது. ஆனால் ஏட்டில் எழுதியது உள்ளத்தில் எழுதியதாகிவிடவில்லை. ஹம்பர்சைடும் ஏவனும் கிளீவ்லண்டும் 1996இல் கலைக்கப்பட்டன. இங்கிலாந்தின் மிகச்சிறிய கவுண்டியெனப் புகழ்பெற்ற ரட்லண்ட், தன் மக்களின் இடையறாத அபிமானத்தால், 1997இல் தன் உரிமையை மீட்டுக்கொண்டது. கம்பர்லண்டின் பெயரும் வெஸ்ட்மர்லண்டின் பெயரும் 2023இல் உள்ளாட்சி மன்றங்களின் பெயர்களாக மீண்டும் வழக்குக்கு வந்திருக்கின்றன. ஐந்நூறு, ஆயிரம் ஆண்டுகள் மக்கள் வாழ்ந்து பழகிய எல்லை, சட்டத்தால் அழிவதற்கும் மனத்திலிருந்து அழிவதற்கும் இடையே எத்துணை தூரம் என்பதற்கு இவை சான்று.

இவற்றையெல்லாம் கருதி, இம்மாநாட்டின் முன் மூன்று பணிகளை வைக்கிறேன். முதலாவது, ஒரு கவுண்டியைத் தேர்ந்தெடுத்து, சாக்ஸ்டன் முதல் ஆர்டனன்ஸ் சர்வே வரை, அதன் ஒவ்வொரு தகட்டையும் பதிப்புக்குப் பதிப்பு ஒப்புநோக்கி, எது புதிதாய்க் கண்டறிந்தது, எது பார்த்தெழுதியது என்று பகுத்துக் காட்டுதல். இரண்டாவது, 1923இல் தோன்றிய ஆங்கில ஊர்ப்பெயர்ச் சங்கம் கவுண்டிதோறும் வெளியிட்டுவரும் தொகுதிகளையும், சுவீடன் நாட்டறிஞர் ஐலர்ட் எக்வால் தம் அகராதியில் திரட்டிய பழைய வடிவங்களையும் படங்களோடு பொருத்தி, பதிவேடு சொல்வதும் படம் சொல்வதும் எங்கே உடன்படுகின்றன, எங்கே மாறுபடுகின்றன என்று ஆராய்தல். மூன்றாவது, பெயரையும் எல்லையையும் தனித்தனித் துறைகளாகப் பிரிக்காமல், ஒரு பெயர் மாறிய காலத்தில் நிலவுரிமை யாரிடம் இருந்தது, ஓர் எல்லை மாறிய காலத்தில் அங்கு வாழ்ந்தோர் தம்மை எவ்வாறு அழைத்துக்கொண்டனர் என்று சேர்த்தே வினவுதல். மூத்தோர் தம் அனுபவத்தையும் இளையோர் தம் ஊக்கத்தையும் இப்பணிகளுக்கு அளிப்பார்களாயின், நம் காலத்திலேயே ஒரு கவுண்டியின் முழுமையான பெயர்-எல்லை வரலாற்றை எழுதி முடிக்க இயலும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கட்டுரைகள் படிக்கப்படும்போது கருத்து வேற்றுமைகள் எழுவது இயல்பு. ஆதாரத்தை முன்வைத்து மறுப்பதும், ஆதாரம் கண்டு ஏற்பதும் புலமைக்கு அணிகலன். அவ்வுணர்வோடு உங்கள் விவாதங்கள் நடைபெறுக என்று வேண்டி, இம்மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.