கடையை மூடிய பிறகு

 

பொன்விழா மேடையில் நொடித்துப்போன வியாபாரத்தைப் பற்றியா பேசப் போகிறீர்கள் என்று என் மனைவி கேட்டார். கடை திறந்தவர்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், மூடியவர்களும் நம்மவர்கள்தானே என்றேன்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் முடித்து, சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அராப் ஸ்திரீட் பக்கம் துணிக்கடை வைத்தவன். வாங்க வந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுப்பயணிகள். 2020 மார்ச் 23ஆம் தேதி இரவோடு அவர்கள் வரவு நின்றது. ஏப்ரல் 7இல் மூடிய கடையை ஜூன் 19இல்தான் திறக்க முடிந்தது. திறந்தும் ஆளில்லை. ஆண்டு முடிவதற்குள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடை போனதைவிடக் கஷ்டமாக இருந்தது பள்ளிவாசலுக்குப் போவதுதான். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, கடன் கொடுத்தவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கண் தேடும். கல்யாணப் பத்திரிகை வந்தால் போகலாமா வேண்டாமா என்று யோசனை. நம் சமுதாயத்தில் கைமாற்று என்பது பத்திரம் எதுவும் இல்லாமல், மாமா மச்சான் என்ற உறவை நம்பிக் கொடுப்பது. தவணை தவறினால் பேச்சுவார்த்தையும் நின்றுவிடுகிறது. இப்படி ஒதுங்கி ஒதுங்கியே நம்மில் சிலர் ஆளே தென்படாமல் போயிருக்கிறார்கள்.

"அவங்க வந்து கேக்குறதுக்கு முன்னாடி நீயே போய் நில்லு தம்பி" என்றார் என் அத்தா. வங்கி, சரக்கு தந்தவர், வாடகை பாக்கி, சொந்தக்காரர்கள் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினேன். யாருக்கு எவ்வளவு, மாதம் எவ்வளவு தர முடியும் என்றும் குறித்து, வீடு வீடாகப் போனேன். ஒரு பெரியவர் மட்டும் கோபப்பட்டார். நியாயம்தான், அவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது. மற்றவர்கள் தவணைக்குச் சம்மதித்தார்கள்.

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதிவைக்கச் சொல்கிறது. சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்வது 280ஆம் வசனம். ஜகாத் பெறத் தகுதியுள்ள 8 பிரிவினரில் கடனாளியும் ஒருவர். இருந்தும் அதைக் கேட்பது கேவலம் என்று நினைக்கிறோமே!

சட்ட விஷயமும் கொஞ்சம். தனி உரிமையாளராகப் பதிந்திருந்தால் கடையின் கடன் உங்கள் சொந்தக் கடன். பிரைவேட் லிமிடெட் என்றாலும், வங்கிக்கு நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடன் உங்களைத் தேடி வரும். 15,000 வெள்ளிக் கடனுக்கே நொடிப்பு வழக்குப் போடலாம். ஆனால் சம்பள வேலையில் இருப்பவரின் கடன் 150,000 வெள்ளிக்குள் என்றால், அதிகபட்சம் 5 ஆண்டுகளில் தவணையாகக் கட்டும் திட்டத்துக்கு அவரை நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். வக்கீல் கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பவருக்கு இது தெரியப் போவதில்லை.

நான் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு வேலைக்குப் போனேன். "முதலாளியா இருந்த பையன்" என்று சிலர் பேசினார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, தவணை போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி துணி வியாபாரம். இம்முறை கடை இல்லை. தையற்காரர்கள் முன்பணம் தந்த பிறகே துணி வரவழைக்கிறேன். லாபம் குறைவு. ராத்திரி தூக்கம் வருகிறது.

கோபப்பட்ட பெரியவருக்குத்தான் முதலில் கட்டி முடித்தோம். மகள் கல்யாணத்துக்கு அழைத்தார், குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டு வந்தோம். இன்னும் இருவருக்குப் பாக்கி இருக்கிறது. அவர்களும் இந்த அரங்கில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.