நீந்துவோரின் தோள்கள்



நீச்சற் குளத்தின் கரையிலே ஒரு காட்சியை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். ஒருவன் கைகளை விரித்து அமர்ந்திருக்க, தோழன் பின்னே நின்று, அவ்விரு கைகளையும் முதுகுப்புறமாக ஒன்றையொன்று தொடும்வரை இழுப்பான். தோள் இளகினால் நீச்சல் விரைவுபடும் என்பது அவர்கள் எண்ணம். இவ்வழக்கத்தைக் கைவிடுங்கள் என்று சொல்லவே இன்று பேச வந்திருக்கிறேன்.

காரணத்தை உடலமைப்பிலேயே காணலாம். இடுப்பு மூட்டில், ஆட்டுக்கல்லின் குழியில் குழவி அமர்ந்திருப்பதுபோலத் தொடையெலும்பின் தலை ஆழப் பொருந்தியிருக்கிறது. தோளிலோ குழி ஆழமற்றது; சிற்றகலின்மேல் நாரத்தம்பழத்தை வைத்தாற்போல மேற்கை எலும்பின் தலை அதில் நிற்கிறது. அது நழுவாமற் காப்பவை மூட்டைச் சூழ்ந்த உறையும், நார்களும், நான்கு சிறு தசைகளுமே. தசை நீளும், மீண்டும் சுருங்கும். நார்களோ அளவுக்கு மிஞ்சி நீண்டுவிட்டால் பழைய இறுக்கத்தை எளிதிற் பெறுவதில்லை. அந்தச் சுமையும் சிறு தசைகளின்மேலேயே விழுகிறது. அவை சோர்ந்தபின் தோள் நோகத் தொடங்குகிறது. கென்னடி, ஹாக்கின்ஸ் என்னும் மருத்துவர் இருவர் 1974ஆம் ஆண்டில் இந்நோவை ‘நீந்துவோர் தோள்’ என்றே பெயரிட்டு எழுதினர். மிகையான பயிற்சியே இதற்குப் பெருங்காரணம். நெகிழ்ந்த மூட்டு அதற்குத் துணைபோகிறது.

அப்படியானால் நீட்டவே கூடாதா? அப்படியன்று. நீந்துவோர்க்கு மார்புத் தசையும் தோளின் பின்புறமும் இறுகுவது இயல்பு. ஒரு கையை மார்பின் குறுக்கே கொணர்ந்து, மறுகையால் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து மெல்ல அணைத்துக்கொள்ளுங்கள். 20 அல்லது 30 வினாடி போதும். மார்புக்கு, கதவு நிலையில் முன்கையை ஊன்றி, ஓரடி முன்வைத்து நிற்கலாம். குலுக்கி இழுத்தல் வேண்டா. இழுப்பு, தசையின் நடுவில் தெரியவேண்டும். தோளின் உச்சியிற் கிள்ளுவதுபோல் வலித்தாலோ, விரல்கள் மரத்தாலோ அக்கணமே விட்டுவிடுங்கள். வலித்தால்தான் வலிமை என்று அந்நாளைய டிரில் மாஸ்டர்கள் முழங்குவார்கள். தோளைப் பொறுத்தவரை அது பொய். இவையெல்லாம் நீந்தி முடித்து, உடல் சூடாயிருக்கும்போது செய்யத்தக்கவை. நீரில் இறங்குமுன் கைகளைச் சிறுவட்டமாகத் தொடங்கிப் பெருவட்டமாகச் சுழற்றினாற் போதும்.

உங்களுள் சிலருக்குக் கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொட்டுவிடும். அத்தகைய இளகிய மூட்டுடையார்க்கு நீட்டலைவிட வலுவூட்டலே தேவை. ரப்பர்ப் பட்டையொன்றைக் கதவின் கைப்பிடியிற் கட்டி, முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, முன்கையை மெல்ல வெளிப்புறமாகத் திருப்பிப் பழகுங்கள். சில நாள் ஓய்வெடுத்தும் நோவு தணியாவிடில் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை குளத்தின் பக்கம் போகவேண்டா.