இடமாற்றம் பதிலாகாது
(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இன்று காலை தலாத்துஓயா வீதியால் அம்பிட்டியவுக்கு ஏறி வரும்போது, இருவர் இருக்கும் பஸ் ஆசனத்தில் மூன்று பேர் நெருக்கியடித்து வந்த நாட்கள் எல்லோருக்கும் நினைவு வந்திருக்கும். நூற்றாண்டு விழாவில் முதலில் சொல்ல வேண்டியது நன்றி. வீட்டில் படிக்க மேசைகூட இல்லாத எத்தனையோ பிள்ளைகளை இந்தப் பாடசாலை வைத்தியர்களாகவும் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் கணக்காளர்களாகவும் ஆக்கியது. மாலையில் நேரம் போவது பாராமல் இருந்து கணக்குச் சொல்லித் தந்த ஆசிரியைகளை நாம் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டோம்.

அந்த நன்றியோடு எம்மிடம் ஒரு கடனும் இருக்கிறது. இன்று அதைப் பற்றிப் பேச அதிபர் அவர்களும் செயற்குழுவும் இடம் தந்திருக்கிறார்கள். அதற்கு மனம் வேண்டும். அவர்களுக்கு எமது நன்றி.

நாம் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர் இருந்தார். அவருடைய பெயரும் பாடமும் இங்கே தேவையில்லை. அவர் கொப்பி திருத்தக் கூப்பிட்டால் தனியே போகக்கூடாது, இரண்டு பேராகப் போக வேண்டும், மேசைக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும் என்று மேல் வகுப்பு அக்காமார் எமக்குச் சொல்லித் தந்தார்கள். நாமும் எமக்குப் பின் வந்த தங்கைமாருக்கு அதையே சொல்லிக் கொடுத்தோம். வருடக்கணக்காக மாணவிகளுக்குத் தெரிந்திருந்த ஒன்றை எந்தப் பெரியவரிடமும் நாம் சொல்லவில்லை.

ஒரு பிள்ளை மட்டும் சொன்னாள். தன் தாயை அழைத்து வந்து சொன்னாள். சில வாரங்களில் அந்தச் சேருக்கு இடமாற்றம் வந்தது. பிரியாவிடை வைத்தோம், மாலை போட்டோம், பாட்டும் பாடினோம். அந்தப் பிள்ளை அடுத்த தவணைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நம்மில் ஒருத்தியும் கேட்கவில்லை. அவர் மாற்றலாகிப் போனது ஒரு தோட்டப் பாடசாலைக்கு. அங்கே இருந்த பிள்ளைகளை எச்சரிக்க எந்த அக்காமார் இருந்தார்கள் என்று அன்று நாம் யோசிக்கவும் இல்லை.

இத்தனை வருடம் கழித்து இதை ஏன் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அவுஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ஓர் அரச ஆணைக்குழு, பாடசாலை, தேவாலயம், விடுதி போன்ற நிறுவனங்களில் சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட பாலியல் துஷ்பிரயோகங்களை விசாரித்தது. 8,000க்கும் மேற்பட்டோர் தனி அமர்வுகளில் தம் கதையைச் சொன்னார்கள். நடந்ததை முதன்முதலில் இன்னொருவரிடம் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய 24 வருடங்கள் சென்றிருந்தன. தொண்ணூறுகளின் கடைசியில் இந்த வாயிலைத் தாண்டிப் போனவர்களின் வயதை எண்ணிப் பாருங்கள். வாய் திறக்கும் காலம் எமக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

வைத்தியர்களாகிய நாம் இதை வேறொரு வாசலில் சந்திக்கிறோம். பாடசாலை நாட்களில் மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளை. ஒன்பது வயதில் மறுபடி படுக்கையை நனைக்கும் பிள்ளை. நன்றாகப் படித்துவிட்டு ஒரே தவணையில் புள்ளி குறைந்த பிள்ளை. இந்த அறிகுறிகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் மருந்து மட்டும் எழுதி அனுப்பிய நாட்கள் எமக்கும் உண்டு.

சட்டம் எம் பக்கம் இல்லையோ என்று அஞ்ச வேண்டாம். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தி, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம், பாலியல் தொந்தரவு, சிறுவர்க்கு இழைக்கும் கொடுமை ஆகியவற்றைத் தனிக் குற்றங்களாக்கியது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. அதன் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. சிறுவரின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் சாட்சியமாகப் பயன்படுத்த 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் கூறியது.

சுற்றுநிருபம் இருந்தும் என்ன நடக்கிறது என்பதற்கு ஹக்மன சம்பவம் சான்று. 2017 பெப்ரவரியில் அங்குள்ள ஒரு பாடசாலையில் ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்டது. பெற்றோர் அடிப்படை உரிமை மீறல் வழக்குத் தொடுத்தார்கள். 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், இது அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரையை, அதாவது சித்திரவதைக்கும் இழிவான நடத்துகைக்கும் உட்படாதிருக்கும் உரிமையை, மீறியது எனத் தீர்ப்பளித்தது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் செலுத்த வேண்டுமென உத்தரவிட்டது. அரசின் பங்கு ஆசிரியரின் பங்கைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். அடித்தது ஒரு கை என்றாலும், அந்தக் கை இருந்த இடத்துக்கும் பொறுப்பு உண்டு என்றே நாம் இதை விளங்கிக்கொள்கிறோம்.

தமிழகத்தைப் பாருங்கள். 2021 மே மாதம் சென்னை கே.கே. நகரிலுள்ள பத்மா சேஷாத்ரி பால பவன் பள்ளியின் ஆசிரியர் ஒருவரைப் பற்றி முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் எழுதினார்கள். சில நாட்களில் அவர் போக்சோ சட்டத்தின் கீழ் கைதானார். வேறு பள்ளிகளின் பழைய மாணவிகளும் பேசத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கோயம்புத்தூரில் 17 வயது மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் முன்பு படித்த பள்ளியின் ஆசிரியர் கைதானார். தெரிந்தும் அறிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் அப்பள்ளியின் அதிபரும் கைதானார். தனக்குக் கீழ் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை அறிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அந்தச் சட்டம் இடந்தருகிறது. முதற் சம்பவத்தில் பழைய மாணவிகளின் குரல் என்ன செய்யும் என்று கண்டோம். இரண்டாவதில், பிந்தினால் என்ன ஆகும் என்று கண்டோம்.

அப்படியானால் பாடசாலை என்ன செய்ய வேண்டும்? அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறோம்.

முதலாவது, பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும். "நீ ஏன் தனியாகப் போனாய்?" என்று கேட்கக்கூடாது. வகுப்பாசிரியை, பகுதித் தலைவி, உப அதிபர், அதிபர் என்று நான்கு பேர் நான்கு தடவை விசாரித்தால் பிள்ளை ஐந்தாவது தடவை வாய் திறக்காது. ஒருவர் கேட்டு, பிள்ளையின் சொற்களிலேயே எழுதி, திகதியிட்டு வைத்தால் போதும்.

இரண்டாவது, அன்றைக்கே 1929க்கோ பொலிஸின் சிறுவர், பெண்கள் பிரிவுக்கோ அறிவிக்க வேண்டும். உண்மையா பொய்யா என்று தீர்மானிப்பது பாடசாலையின் வேலை அல்ல. உடலில் பாதிப்பு இருந்தால் நேரம் மிக முக்கியம். கர்ப்பத்தைத் தடுக்கும் மருந்தை இயன்றளவு விரைவாகவும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியிடம் போவதற்கு முன் பிள்ளையைக் குளிப்பாட்டி, உடையைத் துவைத்து அனுப்பும் அன்பு, சாட்சியத்தை அழித்துவிடும்.

மூன்றாவது, விசாரணை முடியும்வரை ஆசிரியர்தான் வகுப்பிலிருந்து விலகியிருக்க வேண்டும். பிள்ளையை வேறு வகுப்புக்கோ வேறு பாடசாலைக்கோ மாற்றுவது, குற்றம் செய்தவள் அவளே என்று ஊருக்குச் சொல்வதாகும்.

நான்காவது, இடமாற்றம் தண்டனை ஆகாது. "தண்டனை இடமாற்றம்" என்ற சொல் இந்த நாட்டில் எல்லோருக்கும் பழகியது. தண்டனை யாருக்கு? போகும் இடத்திலுள்ள பிள்ளைகளுக்குத்தான். நகரப் பாடசாலையின் பெயர் காப்பாற்றப்படுகிறது. பேச ஆளில்லாத மலையடிவாரப் பாடசாலை அந்தச் சுமையை வாங்கிக்கொள்கிறது.

ஐந்தாவது, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் நியாயம் வேண்டும். நம்மில் பலர் ஆசிரியைகள். ஒரு பொய்ப் புகார் ஒரு வாழ்க்கையைக் கெடுத்துவிடும் என்ற அவர்களின் அச்சம் எமக்குப் புரிகிறது. அதனால்தான் ஓய்வறைப் பேச்சிலும் வட்ஸ்அப் குழுவிலும் தீர்ப்பு எழுதாமல், வெளியார் நடத்தும் ஒழுங்கான விசாரணை வேண்டும் என்கிறோம். குற்றமற்றவரின் பெயரை மீட்டுத் தருவதும் அந்த விசாரணைதான். மூடி மறைத்த இடத்தில் நல்ல ஆசிரியர்மேலும் சந்தேக நிழல் விழுந்தபடியே இருக்கும்.

இனி எமது சங்கம். நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் கட்டலாம், மின்விசிறி வாங்கிக் கொடுக்கலாம். அவற்றோடு மூன்று காரியங்களைப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக எடுக்க வேண்டுகிறோம். பாடசாலையின் சிறுவர் பாதுகாப்பு விதிகளைத் தமிழில், பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி எழுதி 1929 இலக்கத்தோடு ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒட்டுவது ஒன்று. மாணவிகள் நேரே அணுகக்கூடிய, பாடசாலைக்கு வெளியே உள்ள பழைய மாணவிகள் இருவரை நியமிப்பது இரண்டு. வழக்கு என்று வந்தால் தாயும் பிள்ளையும் நீதிமன்றத்துக்குப் போய்வரும் செலவுக்கு ஒரு சிறு நிதி மூன்று. தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் தாய் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட்சம்பளத்தை இழக்கிறாள். பல வழக்குகள் அந்தக் கணக்கிலேயே நின்றுவிடுகின்றன.

இதனால் பாடசாலையின் நற்பெயர் கெடுமா? நற்பெயரைக் காக்கத்தான் அன்று எல்லோரும் வாய்மூடி இருந்தோம். நூறு வருடம் நின்ற கட்டடம் ஓர் உண்மையைச் சொன்னால் இடிந்து விழாது.

இந்த விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்ப வகுப்புவாரியாகப் பெயர்ப்பட்டியல் தயாரித்தோம். அந்தப் பிள்ளையின் பெயர் எம் வகுப்புப் பட்டியலில் இல்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே போய்விட்டதால் பதிவேட்டில் அவள் பாதியிலேயே நின்றுபோனாள். முகவரி யாருக்கும் தெரியவில்லை. இந்த உரை மலரில் அச்சாகி, எங்கோ ஓரிடத்தில் அவள் கைக்குக் கிடைத்தால், அன்று சொல்லாததை இன்று சொல்கிறோம்: நீ சொன்னது உண்மை. எங்களுக்கு அது தெரிந்திருந்தது. உன் பக்கத்தில் நாங்கள் நின்றிருக்க வேண்டும். மன்னித்துக்கொள். இது உன் பாடசாலையும்தான். ஒருநாள் வா.