குழந்தை வருமுன் குடும்பக் கணக்கு

(திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், இளம் தம்பதிகள் கூட்டத்தில் சமுதாய நலச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நர்சம்மா வந்தால் ஊசியைப் பற்றிப் பேசுவாங்க, மாத்திரையைப் பற்றிப் பேசுவாங்க என்றுதான் நினைப்பீர்கள். இன்றைக்கு நான் பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "பணத்துக்கும் நர்சம்மாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாரோ பின்னால் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. முதலில் என் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1996-ஆம் ஆண்டு. நான் செவிலியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த சமயம். என் வீட்டுக்காரர் கொத்தனார் வேலைக்குப் பாண்டிச்சேரி போய் வருவார். எனக்கு முதல் பிள்ளை உண்டாகியிருந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு. "ஊரே வரும், குறை வைக்கக் கூடாது" என்று பெரியவர்கள் சொன்னார்கள். என் மூன்று பவுன் சங்கிலியை ஆறாயிரம் ரூபாய்க்கு அடகு வைத்தோம். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி. அதாவது மாதம் 180 ரூபாய்.

அந்த வட்டியை எங்கிருந்து கட்டினேன் தெரியுமா? என் சாப்பாட்டிலிருந்து. முட்டையை நிறுத்தினேன், பாலை நிறுத்தினேன். கீரையும் பருப்பும் மற்றவர்கள் தட்டுக்குப் போனது. என் தட்டில் சோறும் ரசமும். படித்தவள்தான், பயிற்சி எடுத்தவள்தான். ஆனாலும் செய்தேன். பிள்ளை இரண்டு கிலோ நூறு கிராமில் பிறந்தது. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் வைத்துக் காப்பாற்றினோம். இருபது மாதம் வட்டி கட்டினேன், 3,600 ரூபாய். அதற்குப் பிறகு கட்ட முடியவில்லை. சங்கிலியும் ஏலத்தில் போய்விட்டது.

வளைகாப்புக்கு வந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று இன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் என் மகன் எடை குறைந்து பிறந்தது எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: கடன் வந்த வீட்டில் முதலில் குறைவது தாயின் சாப்பாடு. தாயின் சாப்பாடு குறைந்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் எடை குறைகிறது. ஆகையால் பணமும் எங்கள் வேலைதான்.

செலவு எங்கே வருகிறது?

"பிரசவத்துக்கு என்ன செலவாகும் சிஸ்டர்?" என்று கேட்கிறீர்கள். அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி சுகப்பிரசவமானாலும், ஆபரேஷனானாலும் இலவசம். மருந்து, இரத்தம், பரிசோதனை, தாய்க்குச் சாப்பாடு, எல்லாமே இலவசம். வலி வந்தால் 108-க்குப் போன் செய்தால் வண்டி வரும். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடுகிற வண்டி அது. பிள்ளையோடு வீடு திரும்பவும் வண்டி உண்டு. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சிக்கலான பிரசவம் என்றால் விழுப்புரம் போகிற வழியில் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அப்படியானால் பிள்ளை பிறந்த வீட்டில் ஏன் கடன் ஏறுகிறது? காரணம் இரண்டு. ஒன்று, கூலி நின்று போகிறது. இரண்டு, நாமே இழுத்துக் கொள்கிற சடங்குச் செலவு. முதல் செலவை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டாவது செலவுக்குத்தான் எல்லோரும் ஓடுகிறோம்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம். கணவர் கட்டட வேலை. நாளுக்கு 700 ரூபாய், மாதம் 20 நாள், 14,000 ரூபாய். மனைவி நடவு, களை, மல்லாட்டை பிடுங்குவது என்று மாதம் 15 நாள், 300 ரூபாய் வீதம், 4,500 ரூபாய். வரவு மொத்தம் 18,500. வீட்டுச் செலவு 16,500. மீதி 2,000.

ஏழு மாதத்துக்குப் பிறகு குனிந்து நிமிர்ந்து நடவு வேலை செய்யக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று மாதம், பிள்ளை பிறந்து ஐந்து மாதம், ஆக எட்டு மாதம் மனைவியின் கூலி இல்லை. வரவு 14,000, செலவு அதே 16,500. மாதம் 2,500 இடிக்கிறது. எட்டு மாதத்துக்கு 20,000 ரூபாய்.

பிரசவ சமயத்தில் கணவரும் பத்து நாளாவது வேலைக்குப் போக முடியாது. அது 7,000 ரூபாய். பரிசோதனைக்குப் போய்வரும் பஸ் செலவு, கூட இருப்பவர் சாப்பாடு, பிள்ளைக்குத் துணிமணி என்று ஒரு 3,000. ஆக மொத்தம் 30,000 ரூபாய்.

மலைத்துப் போகாதீர்கள். இதில் ஒரு பகுதியை அரசு தருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1987-ல் தொடங்கிய திட்டம். 2006-ல் ஆறாயிரம், 2011-ல் பன்னிரண்டாயிரம், 2018-ல் பதினெட்டாயிரம் என்று உயர்ந்தது. இதில் 14,000 ரூபாய் ரொக்கம். மீதி நாலாயிரத்துக்கு நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் அடங்கிய இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். இந்தப் பணம் எதற்குத் தெரியுமா? தாய் நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியை ஈடுகட்ட வேண்டும், பிள்ளை எடை குறையாமல் பிறக்க வேண்டும் என்பதற்கு. வளைகாப்புப் பந்தலுக்கு அல்ல!

கர்ப்பத்தின் நாலாம் மாதத்தில் 6,000, பிள்ளைக்கு நாலு மாதம் ஆனதும் 6,000, ஒன்பது மாதம் ஆனதும் 2,000 என்று மூன்று தவணையாக அமைத்திருக்கிறார்கள். தொகையும் தவணையும் காலத்துக்குக் காலம் மாறும். உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். கடைசி 2,000 பிள்ளைக்கென்று இருக்கட்டும். மற்ற 12,000 கணக்கில் வரவு வையுங்கள். முப்பதாயிரத்தில் பன்னிரண்டு போனால் பதினெட்டாயிரம். இரண்டாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை ஆறு மாதம், மாதம் 3,000 சேர்த்தால் தீர்ந்தது.

மீதியாவது 2,000தானே, இன்னும் ஆயிரத்துக்கு எங்கே போவது? இந்த இடத்தில்தான் நான் ஆண்களைப் பார்த்துப் பேச வேண்டும்.

ஆயிரம் ரூபாய் எங்கே இருக்கிறது?

போன வருஷம் ஒரு வீட்டுக்குப் போனேன். ஆறாம் மாதம், அந்தப் பெண்ணுக்கு இரத்தம் எட்டு கிராம்தான் இருந்தது. "ஏம்மா, முட்டை சாப்பிடறியா?" என்றேன். "விலை ஏறிப் போச்சு சிஸ்டர், செலவைக் குறைக்கிறோம்" என்றாள். வீட்டுக்காரரைப் பார்த்து, "தம்பி, வாரத்துக்கு எத்தனை குவார்ட்டர்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டுதாங்க" என்றார்.

ஒன்று 140 ரூபாய் என்றே வைத்துக் கொள்ளுங்கள். வாரம் இரண்டு என்றால் மாதம் எட்டு, 1,120 ரூபாய். நாம் தேடுகிற ஆயிரம் அங்கேயே இருக்கிறது. அந்தத் தம்பி கெட்டவர் இல்லை, உழைப்பாளிதான். யாரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை, அவ்வளவுதான். பிள்ளை பிறக்கும் வரை விட்டுவிடுகிறேன் என்றார். பிள்ளை 2 கிலோ 900 கிராமில் பிறந்தது. இப்போது அவரே மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்கிறார்.

குடிக்காத வீட்டில் வேறு எதையாவது குறைக்கலாம். ஆளுக்கொரு செல்போன் ரீசார்ஜ், பங்காளி வீட்டு விசேஷத்தில் வேண்டாத மொய்ப் போட்டி, தவணையில் வாங்கின சாமான் என்று எத்தனையோ இருக்கிறது. எதை வேண்டுமானாலும் குறையுங்கள். தாயின் தட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கணக்கைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போட வேண்டும். கணவருக்குத் தெரியாமல் மனைவி அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைப்பதும், மனைவிக்குத் தெரியாமல் கணவர் வெளியில் கடன் வாங்குவதும் வேண்டாம். ஒளித்த கடன் பிரசவ வார்டு வாசலில்தான் வெளியே வரும். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம்.

விவசாயம் பார்ப்பவர்களுக்கு

கூலி வேலைக்கு மாதக் கணக்கு சரி. பயிர் வைப்பவர்களுக்கு? மார்கழி, தையில் போட்ட மல்லாட்டை சித்திரையில்தான் கைக்கு வரும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டையைப் போட்டுப் பணம் வாங்கியதும் உரக்கடை பாக்கி, டிராக்டர் பாக்கி என்று கை நீட்டுகிறவர்கள் பலர். பிள்ளைக்கான பங்கை முதலில் எடுத்து வையுங்கள். அறுவடை வருமுன்பே பிரசவம் வருகிறது என்றால், போன போகத்துப் பணத்திலேயே ஒதுக்கியிருக்க வேண்டும். "விளைஞ்சா பார்த்துக்கலாம்" என்பது விதைக்கும் பொருந்தாது, பிள்ளைக்கும் பொருந்தாது.

பணத்தை எங்கே வைப்பது?

வீட்டில் வைத்தால் கரையும். மனைவி பெயரில் வங்கிக் கணக்கோ, தபால் நிலையக் கணக்கோ இருக்கட்டும். அரசு உதவியும் தாயின் கணக்குக்குத்தான் வரும். ஆதார் அட்டையில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயர் என்று இருந்தால் பணம் நின்றுவிடும். கல்யாணமான கையோடு அதைச் சரி செய்யுங்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் சந்தாவை விடாமல் கட்டுங்கள். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய குழுத் திட்டம் சில ஆண்டுகளிலேயே நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கு வந்துவிட்டது. அவசரத்துக்குக் குழுவில் வாங்குகிற கடன், கந்துவட்டிக்கு எவ்வளவோ மேல்.

கடன் தவிர்க்க முடியாவிட்டால் வட்டியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரத்துக்கு ஐந்து வட்டி என்றால் மாதம் 500, வருஷத்துக்கு 6,000. முதல் அப்படியே நிற்கும். நகை இருந்தால் கூட்டுறவுச் சங்கத்திலோ, வங்கியிலோ வையுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அநியாய வட்டி வாங்குவதைத் தடை செய்ய 2003-லேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்திருக்கிறது, பயப்பட வேண்டாம்.

வளைகாப்பு வேண்டாமா?

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியின் கையில் வளையல் போட்டு, நலுங்கு வைத்து, நாலு பேர் வாழ்த்துவது நல்ல வழக்கம். அதற்கு ஐந்து வகைச் சாதமும் அக்கம்பக்கத்துப் பெண்களும் போதும். பந்தலும், மைக் செட்டும், வீடியோவும் எதற்கு? அங்கன்வாடி மூலம் சமுதாய வளைகாப்பும் நடத்துகிறார்கள். கூச்சப்படாமல் கலந்து கொள்ளுங்கள். சம்பந்தி வீட்டார் சீரைக் குறைத்துக் கொண்டால், அந்தப் பணத்தை மகளின் கணக்கில் போடச் சொல்லுங்கள். மாமியார்மார்களே, இந்த ஒரு வார்த்தை நீங்கள் சொன்னால்தான் நடக்கும்.

பிறந்த பிறகும் ஒரு பெரிய சேமிப்பு இருக்கிறது: தாய்ப்பால். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும்; தண்ணீர்கூட வேண்டாம். டப்பா பால் வாங்குகிற காசு மிச்சம், வயிற்றுப்போக்கு ஆஸ்பத்திரிச் செலவும் மிச்சம். தடுப்பூசி இலவசம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் அதற்கும் கட்டணம் இல்லை.

கடைசியாக ஒன்று. முதல் பிள்ளையின் கடன் தீருமுன், தாயின் உடம்பு தேறுமுன், அடுத்தது வந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. மூன்று ஆண்டு இடைவெளி விடுங்கள். காப்பர்-டி, மாத்திரை, மூன்று மாத ஊசி, ஆணுறை எல்லாம் இலவசமாகத் தருகிறோம். எது பொருந்தும் என்று இருவரும் சேர்ந்து வந்து கேளுங்கள். போதும் என்று முடிவு செய்த பிறகு, ஆண்களுக்கான எளிய கருத்தடையும் உண்டு. அதற்குக் கத்தியும் வேண்டாம், தையலும் வேண்டாம். உழைக்கிற பலம் குறையாது.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுங்கள். மேலே பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் "தாயின் சாப்பாடு" என்று எழுதுங்கள். மற்றச் செலவெல்லாம் அதற்குக் கீழே வரட்டும். 

நினைவில் வையுங்கள்

1. நாள் தள்ளியதும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்குங்கள். தாய்வீட்டுக்குப் போனாலும் அதே எண்தான். அங்குள்ள செவிலியரிடம் காட்டுங்கள்.

2. நிதியுதவிக்குத் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

3. ஏழாம் மாதத்துக்குள் சேமிப்பை முடியுங்கள். எட்டாம் மாதம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வீட்டில் ரொக்கமாக இருக்கட்டும்.

4. மருத்துவ அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைக்குப் பழைய பருத்தித் துணி எல்லாம் ஒரே பையில் தயாராக இருக்கட்டும்.

5. இரத்தம் கொடுக்கக்கூடிய இருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

6. எந்தச் செலவைக் குறைத்தாலும் தாயின் உணவைக் குறைக்காதீர்கள்.