குறட்டையும் குடும்பமும்

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, சோறாக்கி வைத்துவிட்டு, பிரட்டுக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு இரவுத் தூக்கம் எவ்வளவு அருமையானது! பக்கத்தில் படுத்திருக்கும் கணவரோ தகரக் கூரை அதிரக் குறட்டை விடுகிறார். பலகைச் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுக்கும் கேட்கிறது. "அந்த மனுஷனுக்கு என்ன, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாரு" என்று மனைவி அலுத்துக்கொள்கிறாள். அவர் நன்றாகத் தூங்குகிறார் என்று நினைப்பதில்தான் நாம் ஏமாந்து போகிறோம்.

தூங்கும்போது உடம்பு தளர்வதுபோல் தொண்டைத் தசைகளும் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு வழியைக் குறுக்குகிறது. அந்த இடுக்கில் காற்று நுழையும்போது மேலண்ணத்தின் பின்பகுதியும் உள்நாக்கும் காற்றில் மாட்டிய துணிபோலப் படபடக்கின்றன. அந்த ஓசையே குறட்டை. கழுத்தில் கொழுப்பு சேர்ந்தாலும், மூக்கு அடைத்திருந்தாலும், புகை பிடித்தாலும் ஓசை கூடும். சாயங்காலம் குடித்துவிட்டுப் படுப்பவருக்குத் தசைகள் இன்னும் அதிகமாகத் துவளும். பெண்களும் குறட்டை விடுகிறார்கள். மாதவிலக்கு நின்ற வயதுக்குப் பிறகு அது கூடும். ஒப்புக்கொள்பவர்கள்தான் குறைவு!

வெறும் ஓசை என்றால் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லலாம். சட்டையின் முதுகுப்புறத்தில் ஒரு பந்தை வைத்துத் தைத்துவிட்டால் மல்லாந்து புரள முடியாது. உடல் எடையைக் குறைப்பதும், படுக்குமுன் மதுவைத் தவிர்ப்பதும் பலருக்குப் பலன் தரும்.

ஆனால் பலத்த குறட்டை திடீரென நின்று, வீடே அமைதியானால், 'அப்பாடா' என்று திரும்பிப் படுத்துவிடக் கூடாது. மூச்சு வழி முழுவதும் அடைபட்டு, பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சே நின்றிருக்கலாம். பிறகு திணறி, ஒரு செருமலோடு மூச்சு திரும்பும். இப்படி மணிக்கு ஐந்து தடவையோ அதற்கு மேலோ நடந்தால் அது நோய். இரத்த அழுத்தம் ஏறும், இருதயம் பாதிக்கப்படும். பகலில் கண் சொக்கும். லோரி ஓட்டுபவரும், நீண்ட அரிவாளால் செம்பனைக் குலை அறுப்பவரும் கண் சொக்கினால் என்ன ஆகும்?

எங்கள் வகுப்பில் ஒரு பையன் தினமும் மேசையில் தலை சாய்த்துத் தூங்கினான். சோம்பேறி என்று கண்டித்தோம். அவன் தொண்டைச் சதை வீங்கி இரவெல்லாம் வாயால் மூச்சு விட்டிருக்கிறான் என்று பின்னர் அவன் தாயார் சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் கண்டிப்பை நினைத்தால் நமக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இந்த நோய்க்கு வழி இருக்கிறது. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கின் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். அந்த வகைக் கருவி இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

கணவரைத் தனியாகக் கிளினிக்குக்கு அனுப்பாதீர்கள். "எனக்கு ஒன்றுமில்லை, டாக்டர்" என்று சொல்லித் திரும்பிவிடுவார். மூச்சு எத்தனை தடவை நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று இரண்டு மூன்று இரவுகள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். தூங்கியவருக்கு அது தெரியாது. விழித்துக் கிடந்த உங்களுக்குத்தான் தெரியும்.