கூலன்ட் எங்க போகுது? – எபிசோடின் எழுத்து வடிவம்

இந்த எபிசோட்ல கோடிங் இல்ல, எங்க அப்பாவோட காரு. ஊர் மடுகரை. அங்க ஒரு பழைய டீசல் காரை வச்சு அப்பா வாடகைக்கு ஓட்டுறாரு. பெரும்பாலும் ஜிப்மர் சவாரிதான். விடியக்காலையில கிளம்பி, நெட்டப்பாக்கம், வில்லியனூர் வழியா கோரிமேடு போகணும். எங்க தெரு பெரியம்மா ஒருத்தங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ். அந்த ரெண்டு நாளும் வண்டி வழியில நிக்கக் கூடாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப டிக்கியைத் திறந்தா, ரெண்டு லிட்டர் பாட்டில்ல போர் தண்ணி. எதுக்குப்பான்னு கேட்டேன். "ரேடியேட்டருக்குடா. வாரம் ஒரு பாட்டில் குடிக்கும். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்"னாரு.

எனக்கு அது இடிச்சுது. டீசல் எரிஞ்சு தீரும். என்ஜின் ஆயில்கூட கொஞ்சம் எரியும். கூலன்ட் அப்படித் தீர்ற பொருள் இல்ல. பம்ப் அதைத் தள்ளுது, அது என்ஜினைச் சுத்தி சூட்டை வாங்குது, ரேடியேட்டர்ல விட்டுட்டு திரும்ப வருது. மூடின சுற்று. வாரம் ரெண்டு லிட்டர் குறையுதுன்னா அது எங்கயோ போயிருக்கணும். மெமரி லீக் இருக்கற சர்வரை தினம் ராத்திரி ரீஸ்டார்ட் பண்ணி ஓட்டுவோமே, அப்பாவோட பாட்டிலும் அதே வைத்தியம்தான். (நாங்க ஆபீஸ்ல அதைத்தான் பண்றோம். அதனால அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.)

இதுக்கு நடுவுல ஒரு ஒர்க்‌ஷாப்ல, எதையும் சோதிச்சுப் பார்க்காமலே, "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. செலவைக் கேட்டுட்டு அப்பா வண்டியை வித்துடலாமான்னு யோசிச்சிட்டு இருந்தாரு. வித்தா வருமானம் போச்சு. பெரியம்மா பஸ்லதான் போகணும்.

முதல்ல ராத்திரி என்ஜினுக்கு அடியில அட்டை விரிச்சோம். காலையில ஒரு சொட்டு இல்ல. அதை வச்சு லீக் இல்லைன்னு முடிவு பண்ணக் கூடாது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்ல, அதுல ஸ்பிரிங் வச்ச வால்வு இருக்கு. சூடாக ஆக உள்ள அழுத்தம் ஏறும், பெரும்பாலான கார்கள்ல சுமார் 1 பார் வரைக்கும். அந்த அழுத்தத்துல வெறும் தண்ணியே 120 டிகிரி கிட்டதான் கொதிக்கும். அதனால சில லீக் ஓடும்போது மட்டும்தான் திறக்கும். ஒழுகுறதும் சூட்டுல ஆவியாயிடும். கூலன்ட்டா இருந்தா கலர் கறையாவது விட்டுட்டுப் போகும். போர் தண்ணியில அந்தத் தடயமும் சரியாக் கிடைக்காது.

இங்க ஒரு குழப்பம் வரும். நம்ம புழுக்கத்துல ஏசி போட்டா வண்டிக்கு அடியில தண்ணி சொட்டும். அது லீக் இல்ல. தெளிவா இருக்கும், வழவழப்பு இருக்காது. கூலன்ட் கையில வழுக்கும், இனிப்பா ஒரு வாசனை வரும். மோந்து பாருங்க, நக்கிப் பார்க்காதீங்க, விஷம். நாய், பூனை குடிச்சாலும் செத்துடும்.

வில்லியனூர்ல தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். அவர் முதல்ல கேஸ்கட் சந்தேகத்தைத்தான் எடுத்தாரு. ஆயில் குச்சியைப் பார்த்தாரு, ஆயில் மூடிக்கு அடியில பார்த்தாரு. மோர் மாதிரி வெளுத்திருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கலாம். கலக்கல. அப்புறம் ஒரு நீலத் திரவத்தை ரேடியேட்டர் வாயில வச்சு, உள்ள இருக்கற காற்றை அது வழியா இழுத்தாரு. டீசல் எரிஞ்ச புகை கூலன்ட்டுக்குள்ள வந்தா நீலம் பச்சையா மாறும். நீலமாவே இருந்துச்சு. அப்பா முகத்தை நான் பார்த்தேன், அவரு திரவத்தையே பார்த்துட்டு இருந்தாரு.

அடுத்து என்ஜின் ஆறினதும் பிரஷர் டெஸ்ட். சைக்கிள் பம்ப் மாதிரி ஒண்ணு, மேல மீட்டர். மூடிக்குப் பதிலா அதை மாட்டி, மூடியில போட்டிருக்கற அளவு வரைக்கும் அடிச்சுட்டு விட்டோம். கால் மணி நேரத்துல முள் இறங்கிடுச்சு. அண்ணன் டார்ச்சும் கண்ணாடியும் வச்சு குனிஞ்சாரு. வாட்டர் பம்ப்புல சின்ன ஓட்டை ஒண்ணு, அதுல இருந்து வெள்ளை உப்புக் கோடு, நுனியில ஒரு சொட்டு. அந்த ஓட்டை உடைஞ்சு வந்தது இல்ல. உள்ள சீல் தேஞ்சா வெளிய தெரியட்டும்னு கம்பெனிக்காரனே விடுறது. வண்டி அதுவரைக்கும் சொல்லிட்டுத்தான் இருந்திருக்கு.

சீல் ஏன் தேஞ்சுது? வயசும் ஒரு காரணம். ஆனா நல்ல கூலன்ட்ல துரு பிடிக்காம காக்கற மருந்துகள் இருக்கும். வாராவாரம் போர் தண்ணி ஊத்த ஊத்த அது நீர்த்துப் போகும், உப்பு படியும். லீக்கை மறைச்ச தண்ணியே லீக்கைப் பெருசாக்கியிருக்கும். மஞ்சள் தூள் போட்டு அடைக்கிற வேலையும் பார்த்திருக்கேன். ஓட்டை அடையுதோ இல்லையோ, ரேடியேட்டர் குழாய் அடைச்சுக்கும்.

புது பம்ப், புது மூடி, உள்ள கழுவி புது கூலன்ட், காத்தை வெளியேத்தி முடிக்க அரை நாள். ஹெட்டை இறக்கற செலவோட பார்த்தா இது ஒண்ணுமே இல்ல.

அப்பா கேட்டாரு: "சூட்டு முள் நடுவுலதானே நின்னுச்சு, அப்புறம் எப்படிடா?" நல்ல கேள்வி. சென்சார் கூலன்ட்ல முங்கி இருந்தாத்தான் சரியாச் சொல்லும். மட்டம் இறங்கி அது வெறும் காத்துல நின்னா, என்ஜின் வெந்துட்டு இருந்தாலும் முள் சாதாரணமா காட்டலாம். அதனால இப்ப தினம் காலையில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, ரிசர்வ் டேங்க்ல மட்டம் பார்த்து மார்க்கர்ல கோடு போடுறாரு. மூணு வாரமா ஒரே கோடுதான்.

பாட்டில் இன்னும் டிக்கியிலதான் இருக்கு. இருக்கட்டும்னு விட்டுட்டேன். இந்திரா காந்தி சிக்னல்ல எப்பவாவது சூடு ஏறினா ஓரங்கட்டி, ஆஃப் பண்ணி, கையால தொட முடியற அளவுக்கு ஆறவிட்டு, அப்புறம் மூடியைத் திறந்து ஊத்தி ஒர்க்‌ஷாப் வரைக்கும் போகலாம். சூட்டுல திறந்தா கொதிக்கற தண்ணி மூஞ்சியில அடிக்கும். அதை மட்டும் அவர்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். அடுத்த வாரம் பார்ப்போம்.